ஹாரர் கேம் காமிக்ஸ் பக்கம் புதுசா வர்றவங்களுக்கு: ரசிகர்கள் சொல்றதை எப்படி எடுத்துக்கறது, எதுல ஆரம்பிக்கறது

2023ல டெட் ஸ்பேஸ் ரீமேக், 2024ல சைலண்ட் ஹில் 2 ரீமேக்னு வந்ததுக்கு அப்புறம் ஹாரர் கேம் பக்கம் புதுசா நிறைய பேர் வந்திருக்காங்க. கேமை முடிச்சதும் மனசு அந்த உலகத்தை விட்டு வெளிய வராது, இன்னும் ஏதாவது இருக்கான்னு தேடுவோம், அப்பதான் இதுக்கெல்லாம் காமிக்ஸ் வந்திருக்குன்னே தெரியும். சரி வாங்கலாமான்னு ரசிகர்கள் என்ன சொல்றாங்கன்னு பார்த்தா, ஒரே புக்கை ஒருத்தர் தலையில தூக்கி வச்சு ஆடறார், அடுத்தவர் இதைத் தொடவே தொடாதீங்கன்றார். புதுசா வர்றவங்க அங்கேயே குழம்பிப் போய் ரெண்டையும் விட்டுட்டுப் போயிடறாங்க. அது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும், ஏன்னா இதுல நிஜமாவே நல்ல புக்ஸ் இருக்கு.

என் அனுபவத்துல பாதி சண்டைக்குக் காரணம் ஒண்ணுதான், ஆளாளுக்கு வேற வேற கேள்விக்குப் பதில் சொல்லிட்டு இருக்காங்க. ஒருத்தர் ஓவியத்தைப் பத்திப் பேசறார், இன்னொருத்தர் இது கேம் கதையோட ஒத்துப் போகுதான்னு பேசறார். ரெண்டு பேர் சொல்றதும் சரியாவே இருக்கலாம். அதனால முதல் வேலை, யார் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்றாங்கன்னு பிரிச்சுப் பார்க்கறது.

முதல் படி: கருத்தைப் பிரிச்சுப் படிங்க

ஒரு ரிவ்யூவைப் படிக்கும்போது ஸ்டார் எத்தனைன்னு பார்க்காதீங்க, புகார் என்னன்னு பாருங்க. பெரும்பாலும் இதுல ஏதாவது ஒண்ணா இருக்கும்.

"இது கேனன் இல்ல" — அதாவது கேமோட அதிகாரப்பூர்வ கதையில இந்த காமிக்ஸ் சேராது. லோர், அதாவது கேம் உலகத்தோட பின்கதை, தேடிப் போறவங்களுக்கு இது பெரிய விஷயம், நல்ல பயமான கதை ஒண்ணு கிடைச்சா போதும்னு இருக்கறவங்களுக்கு இது ஒரு விஷயமே இல்ல.

"இதுல அந்த ஃபீல் இல்ல" — இதைத்தான் நீங்க ரொம்ப சீரியஸா எடுத்துக்கணும். ஹாரர் கேம்ல பயமே நம்ம கையிலதான் இருக்கு, கதவைத் திறக்கறது நாம, இருட்டுக்குள்ள காலை வைக்கறது நாம, தோட்டாவை மிச்சம் பிடிக்கறது நாம. காமிக்ஸ்ல அந்தப் பொறுப்பு நமக்குக் கிடையாது, பக்கத்தைத் திருப்பறது மட்டும்தான் நம்ம கையில. அதனால கேமோட பயத்தை அப்படியே காமிக்ஸ்ல எதிர்பார்த்தா ஏமாற்றம்தான், ஆனா வேற வழியில அந்த பயத்தைக் கொண்டு வந்திருக்காங்களான்னு கேட்கறது நியாயம்.

"ஓவியம் புரியல", "முகம் மாறிப் போச்சு" — இது உங்க ரசனை, வேற யார் சொல்றதையும் நம்பாதீங்க, ரெண்டு பக்கம் மாதிரி பார்த்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

அப்புறம் "பாதியில நின்னு போச்சு". இதுக்கு மறுபேச்சே கிடையாது. லிட்டில் நைட்மேர்ஸுக்கு 2017ல டைட்டன் காமிக்ஸ் நாலு இஷ்யூ (இதழ்)ன்னு அறிவிச்சு ஆரம்பிச்சாங்க, ரெண்டோட நின்னுடுச்சு. அந்த ரெண்டும் அழகாதான் இருக்கும், ஆனா கதை முடியாதுன்னு தெரிஞ்சுட்டு வாங்கறது வேற, தெரியாம வாங்கிட்டு மூணாவது எங்கன்னு தேடறது வேற. எந்த காமிக்ஸ் ஆனாலும் மொத்தம் எத்தனை இஷ்யூ, எல்லாம் வந்துச்சான்னு முதல்ல பார்த்துடுங்க.

ரெண்டாவது: அது எந்த வகை புக்குன்னு கண்டுபிடிங்க

கேம் கதையையே திரும்பச் சொல்றது ஒரு வகை. கேமுக்கு முன்னாடி நடந்ததைச் சொல்றது இன்னொரு வகை. அதே உலகத்துல சம்பந்தமே இல்லாத வேற ஆளோட கதையைச் சொல்றது மூணாவது. என் கருத்து என்னன்னா முதல் வகை பெரும்பாலும் வீண், பத்து மணி நேரம் நாமே பட்ட பாட்டை நூத்தம்பது பக்கத்துல சுருக்கினா அது வெறும் கதைச்சுருக்கமா போயிடும். பயம் வர்றதுக்கு முன்னாடி இருக்கற அந்த சும்மா நடக்கற நேரம், அதைத்தான் முதல்ல வெட்டுவாங்க, ஆனா கேம்ல பயமே அந்த நேரத்துலதான் ஊறும். (இதுக்கு ஒரு பெரிய விதிவிலக்கு இருக்கு, கீழ வரேன்.)

கேம்ல சொல்ல முடியாததைச் சொல்ற காமிக்ஸ்தான் நிக்குது. டெட் ஸ்பேஸ் அதுக்கு நல்ல உதாரணம். 2008ல இமேஜ் காமிக்ஸ்ல ஆறு இஷ்யூவா வந்துச்சு, எழுத்து ஆன்டனி ஜான்ஸ்டன், ஓவியம் பென் டெம்பிள்ஸ்மித். கேம் அந்த வருஷம் அக்டோபர்ல வந்துச்சு, காமிக்ஸ் அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சு. கேம்ல நாம இஷிமுராங்கற கப்பலுக்குள்ள போகும்போது எல்லாம் முடிஞ்சு போயிருக்கும், பிணமும் ரத்தமும் ஆடியோ லாகும்தான் மிச்சம். காமிக்ஸ்ல கீழ ஏஜிஸ் 7 காலனியில அது எப்படி ஆரம்பிச்சதுங்கறதை ஆப்ரகாம் நியூமன்ங்கற ஒரு போலீஸ் சார்ஜென்ட் கண்ணு வழியா பார்க்கறோம். கேமோட ஹீரோ ஐசக் இதுல கிடையவே கிடையாது. ஹீரோ இல்லாம என்ன கதைன்னு நினைக்கறவங்களும் உண்டு, ஆனா எனக்கு அதுதான் இதோட பலமே. மார்க்கர்ங்கற மர்மத் தூண் கிடைச்சதும் மதவெறி புடிச்சவங்க ஒரு பக்கம், வேலை செய்ய வந்தவங்க ஒரு பக்கம்னு காலனி மெல்ல மெல்ல உடையறதைக் காட்டறதுக்கு ஒரு சாதாரண போலீஸ்காரர்தான் சரி. ஜான்ஸ்டன் கேமுக்கும் எழுதினவர்ங்கறதால லோர்ல இடறலும் இல்ல. அடுத்து 2010ல சால்வேஜ், 2013ல லிபரேஷன்னு கிராஃபிக் நாவல்கள் வந்துச்சு, ரெண்டுக்கும் ஓவியம் கிறிஸ்டோஃபர் ஷை, ஆனா முதல் ஆறு இஷ்யூதான் வாசல்.

லாஸ்ட் ஆஃப் அஸ் அமெரிக்கன் ட்ரீம்ஸும் இதே வழிதான். 2013ல டார்க் ஹார்ஸ்ல நாலு இஷ்யூ, ஃபெயித் எரின் ஹிக்ஸும் கேமை எழுதின நீல் ட்ரக்மேனும் சேர்ந்து பண்ணது. கேமோட ஹீரோ ஜோயல் இல்ல, எல்லியும் ரைலியும் முதல்முதலா சந்திக்கற கதை. ஓவியம் கார்ட்டூன் மாதிரி இருக்கு, கேமோட சீரியஸ்னெஸ் வரலன்னு ஒரு புகார் எப்பவும் வரும். ஆனா எல்லிக்கு அப்ப வயசு பதிமூணு, ரெண்டு சின்னப் பொண்ணுங்க ராணுவப் பள்ளியில இருந்து ராத்திரி வெளிய ஓடற கதைக்கு அந்த உருண்டை முகமும் துறுதுறுப்பான கோடும் பொருத்தம்தான், ஆபத்து வரும்போது அந்த முகத்துலயே பயம் வர்றதைப் பார்த்தா மனசு பதறும். அந்த கேமோட கூடுதல் அத்தியாயமான (டிஎல்சி) லெஃப்ட் பிஹைண்ட் விளையாடறதுக்கு முன்னாடி இதைப் படிச்சா அது ரெண்டு மடங்கு வலிக்கும்.

மூணாவது: சைலண்ட் ஹில் பஞ்சாயத்தைப் புரிஞ்சுக்கோங்க

இதுல கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன், ஏன்னா ஹாரர் கேம் காமிக்ஸ் ரசிகர்கள் ஏன் இப்படிக் கோபப்படறாங்கன்னு புரிய இது ஒண்ணு போதும்.

முதல் கேம் 1999. மூடுபனி, ரேடியோ இரைச்சல், எதுவுமே முழுசா கண்ணுல படாது, யாரும் எதையும் விளக்க மாட்டாங்க. 2001ல வந்த ரெண்டாவது கேம்ல சைலண்ட் ஹில்ங்கற அந்த ஊரே ஹீரோ ஜேம்ஸோட மனசுக்குள்ள இருக்கறதை வெளிய எடுத்துப் போட்ட மாதிரி இருக்கும். இப்படிப்பட்ட கேமுக்கு ஐடிடபிள்யூங்கற காமிக்ஸ் கம்பெனி 2004ல டையிங் இன்சைட்னு அஞ்சு இஷ்யூ போட்டாங்க. எழுத்து ஸ்காட் சியென்சின், முதல் ரெண்டு இஷ்யூவுக்கு ஓவியம் பென் டெம்பிள்ஸ்மித், மிச்சத்துக்கு ஆதி சல்மான். மனநல டாக்டர் ஒருத்தர் தன்னோட பேஷண்டைக் குணப்படுத்தறேன்னு அந்த ஊருக்கே கூட்டிட்டுப் போறார், ஐடியா அருமை. ஆனா உள்ள போனதும் ரத்தம், வெட்டு, கூட்டம் கூட்டமா பிசாசுங்க, அதுக்கெல்லாம் தலைமையா கிறிஸ்டபெல்லான்னு ஒரு செத்துப்போன சின்னப் பொண்ணு, அவ பேசறா, மிரட்டறா, நக்கலடிக்கறா. சைலண்ட் ஹில்ல பேசாம இருக்கறதுதான் பயம், இங்க பயமே வந்து டயலாக் விடுது. ரசிகர்கள் கொதிச்சது அதுக்குத்தான், அந்தக் கோபம் நியாயமானது.

அதே சமயம் அந்த முதல் ரெண்டு இஷ்யூவோட ஓவியத்தைக் குறை சொல்றவங்க குறைவு. அழுக்கு மஞ்சள், துரு நிறம், கீறின மாதிரி மெல்லிசா கோடு, முகத்துல பாதி நிழல்லயே கரைஞ்சு போயிருக்கும். கேம்ல அந்த இன்னொரு உலகத்துக்கு மாறும்போது சுவரெல்லாம் துருப்பிடிச்சுப் போகுமே, அந்த நிறம் அப்படியே பேப்பர்ல இருக்கும். அதான் சொன்னேன், இந்த புக்கைப் புகழறவங்க பக்கத்தைப் பார்த்துட்டுப் புகழறாங்க, திட்டறவங்க பேச்சு பலூன்ல இருக்கற டயலாக்கைப் படிச்சுட்டுத் திட்டறாங்க. மூணாவது இஷ்யூவுல ஓவியர் மாறினதும் புகழறவங்களும் கொஞ்சம் அமைதியாயிடுவாங்க.

அதுக்கப்புறம் சியென்சின் எழுதின சின்னக் கதைகள் மூணு த்ரீ பிளடி டேல்ஸ்னு தொகுப்பா வந்துச்சு, டெட் அலைவ்னு இன்னொண்ணும் வந்துச்சு. புதுசா வர்றவங்க இதுல ஆரம்பிக்க வேண்டாம், அவ்வளவுதான் சொல்வேன்.

நீங்க தேட வேண்டியது டாம் வால்ட்ஸ் எழுதினதை. 2008ல சின்னர்ஸ் ரிவார்ட், காசுக்குக் கொலை பண்ற ஒருத்தன் தன் முதலாளியோட பொண்டாட்டியோட ஓடி வந்து சைலண்ட் ஹில்ல மாட்டிக்கறான். யார் மனசுல என்ன குற்றம் இருக்கோ அதை ஊர் எடுத்து முன்னாடி நிறுத்தும்ங்கற கேமோட அடிப்படை இதுல பிடிபட்டிருக்கு. 2010ல பாஸ்ட் லைஃப், இது பழைய வெஸ்டர்ன் காலத்துல நடக்கற கதை, ஓவியம் மென்டன் ஜே மேத்யூஸ். ஒரே நிறத்துல கரைஞ்ச பெயின்டிங் மாதிரி பக்கங்கள், சில இடத்துல யார் யார்னே தெரியாதுன்னு புகார் உண்டு, அதுவும் உண்மைதான். வால்ட்ஸ் அப்புறம் 2012ல வந்த டவுன்போர் கேமோட எழுத்துலயும் இருந்தார், 2014ல அந்த கேம்ல வர்ற ஆன் கன்னிங்ஹாம்ங்கற போலீஸ் அதிகாரிக்குன்னு ஆன்ஸ் ஸ்டோரி எழுதினார். கேம்ல அவங்க வருவாங்க போவாங்க, நடுவுல அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு நாம பார்க்க மாட்டோம், அந்த இடைவெளியை காமிக்ஸ் நிரப்புது. டவுன்போர் முடிச்சவங்க கண்டிப்பா படிக்கணும், முடிக்காதவங்க கண்டிப்பா படிக்கக் கூடாது.

ரெண்டாவது கேம்ல வர்ற பிரமிட் ஹெட்ங்கற பிசாசு பத்தி ஒரு வார்த்தை. எங்கயாவது அட்டையிலயோ கதையிலயோ அந்த முக்கோணத் தலை வந்தா பழைய ரசிகர்கள் முகம் சுளிப்பாங்க. அது ஜேம்ஸோட குற்ற உணர்ச்சிக்குன்னே பிறந்த உருவம், அதை ஊர்க் காவல்தெய்வம் மாதிரி எல்லார் கதையிலயும் நிறுத்தினா அர்த்தம் போயிடும்ங்கறது அவங்க வாதம். நானும் அந்தக் கட்சிதான்.

நாலாவது: மங்காவை (ஜப்பானிய காமிக்ஸ்) தனியா பாருங்க

ரெசிடென்ட் ஈவிலுக்கு ரெண்டு வகை இருக்கு, ரசிகர் கருத்தும் ரெண்டா பிரிஞ்சே இருக்கும். 1998ல வைல்ட்ஸ்டார்ம் போட்ட அஃபீஷியல் காமிக் மேகஸின், அப்புறம் ஃபயர் அண்ட் ஐஸ் இதெல்லாம் தொண்ணூறுகளோட அமெரிக்க காமிக்ஸ் ஸ்டைல், தசை, துப்பாக்கி, கத்தல். லோருக்காக யாரும் இதைப் படிக்கறது இல்ல, அந்தக் காலத்து ஜாலிக்காகப் படிக்கறாங்க, அப்படிப் படிச்சா நல்லாவே இருக்கும்.

லோர் வேணும்னா நவோகி செரிஸாவா வரைஞ்ச மர்ஹாவா டிசையர் எடுங்க, 2012ல ஆரம்பிச்சு அஞ்சு வால்யூம், ஆறாவது கேமுக்கு முன்கதை. வெளியுலகத் தொடர்பே இல்லாத ஒரு பெரிய பள்ளிக்கூடம், அங்க ஒரு ஸ்டூடன்ட் ஜோம்பியா மாறிடறா, பள்ளியோட பேர் கெட்டுடக் கூடாதுன்னு நிர்வாகம் மறைக்கப் பார்க்குது. கேம்ல வர்ற கிறிஸ் வர்றார், பியர்ஸ் வர்றார், அவங்களோட டீம்ல இருக்கற மெராங்கற பொண்ணைத்தான் எனக்கு அவங்களை விட அதிகமாப் பிடிச்சது. அதே ஓவியரோட ஹெவன்லி ஐலண்ட்ல கிளேர் வர்றாங்க, ஆனா அதுல தேவையில்லாத கவர்ச்சி நிறைய, அந்தப் புகார் முழுக்க உண்மை, அது உறுத்தும்னா விட்டுடுங்க.

இப்ப மேல சொன்ன விதிவிலக்குக்கு வரேன், உமினேகோ. 07த் எக்ஸ்பேன்ஷன் 2007ல இருந்து 2010 வரைக்கும் எட்டு எபிசோடா வெளியிட்ட சவுண்ட் நாவல் (படமும் இசையும் சேர்த்துப் படிக்கற கேம்), தீவுல மாட்டிக்கிட்ட குடும்பம், வரிசையா கொலை, சூனியக்காரி செஞ்சதா மனுஷன் செஞ்சதான்னு ஒரு மோதல். கேம் கடைசியில பதிலை நேரடியாச் சொல்லாது, நீங்களே யோசிங்கன்னு விட்டுடும். கெய் நட்சுமி வரைஞ்ச எட்டாவது எபிசோட் மங்கா அதை வெளிப்படையாவே சொல்லிடுது, கேம்ல இல்லாத ஒரு நீளமான வாக்குமூலமே அதுல இருக்கு. அப்பாடா இப்பதான் அழுகையே வந்துச்சுன்றவங்க ஒரு பக்கம், யோசிக்கறதுக்கு விட்ட இடத்தையெல்லாம் அடைச்சுட்டாங்கன்றவங்க ஒரு பக்கம். திரும்பச் சொல்ற வகையில இருந்துட்டு, கேமுக்கே ஒரு புது அர்த்தம் கொடுத்த காமிக்ஸ் எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான். கேமை முடிச்சுட்டு, ஒரு வாரமாவது நீங்களே மண்டையை உடைச்சுக்கிட்டு, அப்புறம் மங்காவைத் திறங்க. ஹிகுராஷியும் இதே குழுவோடதுதான், ஆனா அதோட மங்காவுல ஆர்க்குகளை (கதைப் பகுதி) பல ஓவியர்கள் பிரிச்சு வரைஞ்சிருக்காங்க, அதனால ஒரு ஆர்க்கைப் பார்த்துட்டு மொத்தத்தையும் எடை போடாதீங்க.

அஞ்சாவது: படிக்கற விதம்

இதை யாரும் சொல்லித் தர்றது இல்ல, ஆனா பாதி ஏமாற்றம் இங்கதான் வருது. காமிக்ஸ்ல திடுக்கிட வைக்கற படத்தைப் பெரும்பாலும் பக்கம் திருப்பினதும் வர்ற இடத்துல வைப்பாங்க. முந்தின பக்கத்தோட கடைசிக் கட்டத்துல ஒருத்தர் எதையோ பார்த்து நிப்பார், எதைன்னு காட்ட மாட்டாங்க, நாம திருப்பணும், அதுதான் கதவு. ஃபோன்ல ஒவ்வொரு கட்டமா பெரிசாக்கிக் காட்டற மோடுல படிச்சா எல்லாக் கட்டமும் ஒரே சைஸ் ஆகிடும், அந்த அடி விழாது. முடிஞ்சா டேப்லெட்ல முழுப் பக்கமா படிங்க, ரெண்டு பக்கம் சேர்ந்த பெரிய படம் வந்தா படுக்கை வசமா திருப்பிக்கோங்க. டெம்பிள்ஸ்மித் மாதிரி இருட்டா வரையறவங்க புக்குக்கு ஸ்க்ரீன் பிரைட்னஸைக் கொஞ்சம் ஏத்துங்க, "ஒண்ணுமே தெரியல"ன்னு வந்த ரிவ்யூ எத்தனையோ இதனாலதான்னு நினைக்கறேன். மங்காவா இருந்தா வலமிருந்து இடம், ஆப்ல அந்த செட்டிங் சரியா இருக்கான்னு பாருங்க, இல்லேன்னா பதில் முன்னாடியும் கேள்வி பின்னாடியும் வரும்.

ஆறாவது: எந்த வரிசை

கேம் முதல்ல, காமிக்ஸ் அப்புறம். கேமுக்கு முன்னாடியே வெளியான முன்கதையா இருந்தாலும் இதையே சொல்வேன், ஏன்னா எது எப்படி ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சுட்டு கேமுக்குள்ள போனா அந்த முதல் ரெண்டு மணி நேரத் திகைப்பு போயிடும், அது திரும்பக் கிடைக்காது. அமெரிக்கன் ட்ரீம்ஸ் மட்டும் முன்னாடியே படிச்சாலும் கெடுதல் இல்ல.

கேமே விளையாட மாட்டேன், காமிக்ஸ் மட்டும் போதும்னு இருக்கறவங்களுக்கு டெட் ஸ்பேஸ் முதல் ஆறு இஷ்யூ, அப்புறம் சின்னர்ஸ் ரிவார்ட். ரெண்டும் தனியா நிக்கும். டெட் பை டேலைட் விளையாடறவங்க 2023ல டைட்டன் போட்ட நாலு இஷ்யூவைப் பாருங்க, லீஜன்ங்கற கொலைகாரக் கும்பல் ஆகறதுக்கு முன்னாடி ஃப்ராங்க், ஜூலி, சூசி, ஜோயி நாலு பேரும் எப்படி இருந்தாங்கங்கற கதை, மேட்ச்ல அவங்களுக்கு வாயே கிடையாதுங்கறதால இதுல அவங்க பேசறதைக் கேட்கறதே புதுசா இருக்கும்.

கடைசியா, படிச்சு முடிச்சதும் நீங்களும் எழுதுங்க

புதுசா வந்தவங்க கருத்துக்கு மதிப்பில்லைன்னு நினைக்க வேண்டாம், கேமை நேத்து முடிச்சவங்களுக்கு அந்த பயம் இன்னும் சூடா ஞாபகம் இருக்கும், எங்களுக்கு அது மங்கிப் போச்சு. எழுதும்போது நீங்க கேம் முடிச்சுட்டுப் படிச்சீங்களா முடிக்காமயான்னு முதல் வரியிலயே சொல்லிடுங்க. எந்த இஷ்யூ வரைக்கும் படிச்சீங்கன்னும் போடுங்க, டையிங் இன்சைட் மாதிரி நடுவுல ஓவியர் மாறின புக்குக்கு அது ரொம்ப முக்கியம். முடிவை உடைக்கற மாதிரி எழுதினா மேல ஸ்பாய்லர்னு ஒரு எச்சரிக்கை போடுங்க, கேம் வந்து இருபது வருஷம் ஆச்சேன்னு விட்டுடாதீங்க, ரீமேக் வாங்கி இன்னைக்குத்தான் முதல் கதவைத் திறக்கறவங்க அதைப் படிக்கலாம். நல்லா இல்லேன்னு மட்டும் எழுதாம, எந்தப் பக்கத்துல பயம் போச்சுன்னு ஒரு பக்கத்தைச் சொல்லுங்க, அந்த ஒரு வரியை வச்சுத்தான் அடுத்தவர் வாங்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுவார்.